ஹா.2 – சரி

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, இசைத்தட்டுக் கம்பெனியின் இரண்டாம் மாடிக் கேட்பறையில் இருந்தவர்கள்:

மேனேஜர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் எந்தக் கூட்டத்தையும் தொடங்குவார்.

பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்யும் ஒலிப்பொறியாளர். முப்பது வயதுப் பெண். செத்துப்போன ஒரு மனிதரின் முனகலை இரண்டு மாதமாகக் காதில் வாங்கிக்கொண்டிருப்பவள்.

அந்தச் செத்துப்போன மனிதரின் மகள். அந்த மனிதர் நகர ஆர்கெஸ்ட்ராவை நடத்திய கண்டக்டர். ஆர்கெஸ்ட்ராவில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'.

முதல் ஹார்ன் வாசித்தவர். எழுபதைத் தாண்டியாயிற்று. பட்டப்பெயர் ஒண்ணு. போட்டோ எடுப்பார்கள் என்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

ஒட்டுக்காரர். நாடாவை வெட்டி ஒட்டுவது அவர் தொழிலாக இருந்தது. ஒண்ணுவின் தங்கையைக் கட்டியவர். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இல்லாதவர் ஒருவர். இரண்டாம் ஹார்ன் வாசித்தவர். பட்டப்பெயர் ரெண்டு. அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஹார்ன் என்றால் வண்டி ஹார்ன் அல்ல, நத்தை மாதிரிச் சுருண்ட பித்தளைக் குழல். ஒட்டுக்காரரின் அப்பா இதைக் கடைசிவரை நம்பவில்லை. "மச்சினன் ஹார்ன் அடிக்கிறான், மேல ஒருத்தர் கண்டக்டர். டிரைவர் எங்கடா?" என்று கேட்டுக் கேட்டே போய்ச்சேர்ந்தார். ஒண்ணு, ரெண்டு என்ற பட்டப்பெயர்களும் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தீராத சிரிப்பைக் கொடுத்தன. ஒத்திகை நடுவில் யாராவது எழுந்து வெளியே போனால் "ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" என்று பின்னாலிருந்து குரல் வரும். இருபது வருஷம் அதே சிரிப்பு.

விஷயம் இதுதான். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் பெரியவர் ஒரு ரொமாண்டிக் கால இசையமைப்பாளரின் நான்கு சிம்பொனிகளையும் நான்கு நாளில் பதிவு செய்தார். மலை, புயல், கைகூடாத காதல் எல்லாவற்றையும் வயலின்களில் கொட்டிய இசையமைப்பாளர். அந்த நான்கையும் பதிவு செய்யாத பெரிய ஆர்கெஸ்ட்ரா கிடையாது. ஒரு கண்டக்டர் ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓட்டுவார். இன்னொருவர் இழவு வீட்டுக்குப் போவதுபோல் நடப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம் உண்டு, எங்கள் ஆள்தான் சரி என்று சண்டை போட. நகர ஆர்கெஸ்ட்ராவின் பதிவு அந்தச் சண்டைக்குள் நுழைந்தது ஒரே ஒரு சுரத்தினால்.

மூன்றாம் சிம்பொனி, இரண்டாம் பகுதி. மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அடங்கிப்போய், ஒற்றை ஹார்ன் முப்பத்தெட்டு வினாடி தனியாக ஊதும். கடைசிச் சுரத்தை நான்கு எண்ணும் வரை பிடித்தால் போதும் என்றுதான் எழுதியிருக்கிறது. இந்தப் பதிவில் அது பதினொரு வினாடி நிற்கிறது. கேட்பவனுக்கு மூச்சு முட்டும் நேரத்தில் சட்டென்று அறுகிறது. அதற்கு 'நிறுத்தம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மரணத்தின் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பது என்று எழுதினார் ஒரு விமர்சகர். அடியில் டிரம் உறுமுவதுபோல் ஏதோ கேட்கிறது, அது விதியின் காலடி என்றார் இன்னொருவர். இசைப் பள்ளிகளில் அதேபோல் ஊதிப் பார்த்து முகம் நீலமானவர்கள் உண்டு. பெரியவர் சாகும்வரை பேட்டிகளில் அதைப் பற்றித்தான் பேசினார்.

இப்போது நான்கு சிம்பொனிகளும் சுத்தம் செய்யப்பட்டு, பெட்டியாக வருகின்றன. கூடவே ஒரு சிறு புத்தகம். நடுப்பக்கத்தில் ஒண்ணுவின் படம், மேலே 'நிறுத்தம்' என்ற தலைப்பு. மறுநாள் காலை பத்து மணிக்குப் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

"சீக்கிரம் முடிச்சிடலாம். ஒரே ஒரு சந்தேகம்தானாம். சொல்லும்மா," என்றார் மேனேஜர், கடிகாரத்தைப் பார்த்து.

"பெரியவர் நடத்தும்போது முனகுவார் சார். அதைக் குறைக்கச் சொன்னீங்க," என்றாள் பொறியாளர். "எங்கெங்க முனகுறார்னு குறிச்சுக்கிட்டே வந்தேன். நாலு சிம்பொனியிலயும் அவர் முனகாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். அந்த முப்பத்தெட்டு வினாடி."

"அப்பா அங்க மூச்சையே பிடிச்சுக்கிட்டு நின்னார்," என்றார் மகள். "அவரே சொல்லியிருக்கார்."

"நான்தான் எதிர்ல உட்கார்ந்திருந்தேனே," என்றார் ஒண்ணு. "கண்ணைச் சிமிட்டல மனுஷன்."

"சரி மேடம். இன்னொரு விஷயம். நாடா இரைச்சலை எடுத்ததும் அந்த டிரம் சத்தம் தெளிவாயிடுச்சு. கேளுங்க."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஹார்ன் ஊதியது. கடைசிச் சுரம் நீண்டுகொண்டே நின்றது. எட்டாவது வினாடியில், தூரத்தில், ஒரு சங்கிலி இழுபட்டது. அதன் பிறகு சுவருக்குள் தண்ணீர் பாய்ந்து இறங்கும் சத்தம். குழாய் ஒருமுறை விக்கியது. ஹார்ன் அறுந்தது.

மேனேஜர் மூக்கைச் சொறிந்தார்.

"இது தண்ணியா?"

"ஃப்ளஷ் சார். அந்த அரங்கத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். மேடைக்குப் பின்னாடி சுவர்லதான் கழிப்பறைக் குழாய் இறங்குது."

விதியின் காலடி, என்று ஒட்டுக்காரர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சிரிப்பு வந்தது. அடக்கினார்.

"அதை எடுத்துடுங்க," என்றார் மகள்.

"எடுத்துடலாம் மேடம். அதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடறேன்." அவள் பழுப்பேறிய ஒரு சீட்டை மேசைமேல் நகர்த்தினாள். "அந்தத் துண்டு இருந்த பெட்டியில ஒட்டியிருந்துது. 'ஹா.2 – சரி'. இது உங்க எழுத்தா சார்?"

கேள்வி ஒட்டுக்காரரைப் பார்த்து வந்தது.

"இல்லம்மா. அரங்கத்துல பதிவு செஞ்சவரோடது. அவர் போய்ட்டார். பெட்டியை மட்டும் எனக்கு அனுப்புவாங்க. நான் ரெண்டு தெரு தள்ளி உட்கார்ந்து ஒட்டினேன்."

"ஹா.2ன்னா என்ன சார்?"

ஒட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் ஒண்ணு முந்திக்கொண்டார். "ஹார்ன், ரெண்டாம் தடவை. இதுல என்னம்மா ஆராய்ச்சி?"

"மத்த சீட்டுல எல்லாம் 'ஹார்ன், த.1', 'ஹார்ன், த.2'ன்னு ஏழு வரைக்கும் இருக்கு சார். இதுல மட்டும் 'த' இல்ல."

"அவசரத்துல விட்டிருப்பான்."

விட்டிருக்கலாம். ஒட்டுக்காரரும் அன்று அப்படித்தான் நினைத்தார். ஒண்ணுவுக்கு அந்த வாரம் கடைவாய்ப்பல்லில் வலி. ஏழு தடவை ஊதினார், ஏழு தடவையும் ஒரே இடத்தில் சுரம் உடைந்தது, கிழியும் துணிபோல. ஏழையும் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒட்டுக்காரர் பெட்டியின் அடியில் இந்தச் சின்னச் சுருளைக் கண்டார். ஹா.2, சரி. சரி என்றால் சரிதானே? போட்டுக் கேட்டார். சுத்தமாக இருந்தது. கடைசிச் சுரம் மட்டும் நீளம். அதை வெட்டிப் பார்த்தால் ஒட்டு பல்லைக் காட்டியது. வெட்டாமல் விட்டார். பெரியவர் வந்து கேட்டார். "இதை நான் செஞ்சேனா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, அன்னைக்கு எனக்கு அப்படித் தோணிச்சு," என்றார். ஒண்ணு வந்து கேட்டார். "ஏழுல ஒண்ணு தேறியிருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். பொய் என்று யாரும் யாரையும் சொல்ல முடியாது. அவரவருக்குக் கிடைத்ததை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

இசைத்தட்டு வெளியான மூன்றாவது வாரம் ரெண்டு, ஒட்டுகிற அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "அது நான் ஊதினது," என்றார். "காலைல வாய் சூடாக்க ஊதினேன். ஒலியளவு பார்க்கணும்னு பதிவு செய்யறவர் அதை எடுத்துக்கிட்டார்." ஒட்டுக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்தார். அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. ஹா.2 என்பது தடவை அல்ல, ஆள். சரி என்பது ஊதியது சரி என்பதல்ல, ஒலியளவு சரி. விளங்கியதும் அவர் சொன்னது, "ஹா.2ன்னா ஹார்ன், ரெண்டாம் தடவை." பத்து நாளில் அவருக்கும் ஒண்ணுவின் தங்கைக்கும் கல்யாணம். ரெண்டு அவர் முகத்தைப் பார்த்தார். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷக் கடைசியில் ஆர்கெஸ்ட்ராவில் ஆள் குறைத்தார்கள். ஹார்னில் ஓர் இடம் போயிற்று. நிறுத்தத்தை ஊதியவரையா அனுப்புவார்கள்? ரெண்டை அனுப்பினார்கள்.

முப்பத்து நான்கு வருஷம் ஒட்டுக்காரர் இதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்டுவதே தொழில் என்றாலும் வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு என்று பேசுகிற ஆள் அல்ல அவர். இன்றைக்கும் சொல்லும் உத்தேசம் இல்லாமல்தான் வந்திருந்தார். தண்ணீரை எடுத்துவிடுவார்கள், சீட்டு மறுபடி பெட்டிக்குள் போகும், வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம்.

"புத்தகத்துக்கு நாலு வரி சொல்லுங்க," என்று மேனேஜர் ஒண்ணுவைப் பார்த்து நோட்டைத் திறந்தார். "அந்த நிமிஷம் எப்படி இருந்துதுன்னு."

ஒண்ணு சட்டைக் காலரைச் சரி செய்தார். இந்தக் கதையை ஒட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் இருநூறு தடவையாவது கேட்டிருப்பார். எங்கே குரல் இறங்கும், எங்கே கை உயரும் என்பது மனப்பாடம்.

"கடைசிச் சுரத்துக்கு வந்தாச்சு. விட்டுடலாம்னு பார்க்கறேன். பெரியவர் கண்ணால சொல்றார், விடாதேன்னு. நான் விடல. உசிரே போனாலும் விடக்கூடாதுன்னு பிடிக்கறேன். ஆர்கெஸ்ட்ராவே ஆடாம அசையாம உட்கார்ந்திருக்கு." இந்த இடத்தில் வழக்கமாகக் கதை முடியும். புத்தகத்தில் அச்சாகப்போகிறது என்பதாலோ என்னவோ, இன்றைக்கு ஒண்ணு ஒரு வரி சேர்த்தார். "பக்கத்துல ரெண்டு, பாவம், வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்க்கறான். இதெல்லாம் இவனுக்கு இந்த ஜென்மத்துல வராதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

மேனேஜர் அதையும் எழுதினார்.

"ஹார்ன் ரெண்டு," என்றார் ஒட்டுக்காரர்.

"என்ன சார்?" என்றாள் பெண்.

"ஹா.2ன்னா ஹார்ன் ரெண்டு. தடவை இல்ல, ஆள். அதை ஊதினது ரெண்டு. பெரியவர் அங்க இல்ல. அவர் எங்க இருந்தார்னு இப்பதான் கேட்டோமே."

மேனேஜரின் பேனா நின்றது. மகள் ஒட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார்.

ஒண்ணு சிரித்தார். "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மாத்திரை ஒத்துக்கல போல."

"எனக்கு முப்பத்து நாலு வருஷமாத் தெரியும் மச்சான். இசைத்தட்டு வந்தப்பவே அவர் வந்து சொன்னார். நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

"என் மூச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்ப கேட்டுப் பாருங்க," என்றார் ஒட்டுக்காரர். "நீங்க ஊதறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு இழுப்பு இழுப்பீங்க. ஏழு தடவையிலயும் இருக்கு. இதுல இல்ல."

பெண் ஏழாவது தடவையைப் போட்டாள். மூக்கு இழுப்பு, பிறகு ஹார்ன். அடுத்து ஹா.2. நேராக ஹார்ன். இரண்டு தடவை மாற்றி மாற்றிப் போட்டாள். அதற்குமேல் போடவேண்டியிருக்கவில்லை.

"எங்கப்பா பொய் சொன்னார்ங்கறீங்களா?" மகளின் குரல் உயரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"இல்ல மேடம். கேட்டப்புறம் அவருக்கு அப்படி ஞாபகம் வந்திருக்கும்."

மேனேஜர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அவர் கவலை வேறு. பேர் தப்பாக அச்சாகி, நாளைக்கு எவனாவது கேஸ் போட்டால்? பேரை மாற்றி அச்சடித்து, அந்த ஆளே நான் இல்லை என்று சொன்னால்? "அந்த மனுஷன் உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப அவர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க. நாளைக் காலை பத்து மணிக்குள்ள. கையெழுத்து வந்தா அவர் பேர், வரலைன்னா இப்ப இருக்கறபடியே போகும். வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. இருமினார்.

ஆர்கெஸ்ட்ரா அலுவலகத்துக்குப் போன் போட்டு, பழைய சம்பளப் பட்டியலிலிருந்து ரெண்டின் முழுப்பெயரை வாங்கினாள் பெண். கடிதத்தை மேனேஜர் சொல்லச் சொல்ல அடித்தாள். மகள் நடுவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: 'பெரியவரின் நேரடி வழிகாட்டுதலில்'. சேர்க்காவிட்டால் அப்பாவின் பதிவுகளுக்குத் தன் அனுமதி கிடையாது என்றார். சேர்த்தார்கள். கடிதத்தில் ரெண்டின் பெயரை ஒட்டுக்காரர் அன்றுதான் முதன்முதலில் முழுசாகப் படித்தார்.

லிஃப்ட் வாசலில் பொறியாளர் பெண் ஒட்டுக்காரரைப் பிடித்தாள். "சார், காகிதம் எப்படி வந்தாலும் கொண்டாங்க. அச்சுக்கு அனுப்பறது நான்தான். கையெழுத்து வாங்கிட்டு வான்னுதான் சொன்னாங்க, எந்த வரியும் அடிபடக்கூடாதுன்னு சொல்லல."

அவள் போனதும் ஒண்ணு வந்தார். புதுச் சட்டையின் கக்கம் நனைந்திருந்தது. இருவரும் லிஃப்டுக்காக நின்றார்கள். கீழே எங்கேயோ யாரோ கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் போல, லிஃப்ட் வரவே இல்லை.

"மாப்பிள்ளை."

"ம்."

"ஏழு தடவை உடைஞ்சுது. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எட்டாவது தடவை ஊதினதும் ஞாபகம் இருக்கே. பித்தளை சூடா இருந்தது, பெரியவர் கண்ணு, எல்லாம். அது எப்படி ஞாபகம் இருக்கு?"

ஒட்டுக்காரருக்கு ஒரு பதில் தெரிந்தது. நான் ஒட்டினேன், அதனால். லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினார்.

லிஃப்ட் வந்தது. ஒண்ணு ஏறவில்லை. "நீ போ. நான் படியில இறங்கிக்கறேன். இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது." இரண்டு படி இறங்கி நின்று, திரும்பாமல், "ஒட்டுக்காரன்கிட்டயே ஒட்டு கிடையாதுன்னு சொல்ல வேண்டியிருக்கு பாரு," என்றார். எழுபது வயதுக்கு மேல் இரண்டு மாடி உயரப் படி. கைப்பிடியைத் தட்டித் தட்டி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மனைவி போன் செய்தாள்.

"அண்ணன் பேசினார். அழுதாரா, திட்டினாரான்னு புரியல. நீங்க சொன்னது நிஜமா?"

"நிஜம்."

"எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியிலேருந்து."

பஸ் ஒன்று வந்து, ஹார்ன் அடித்துப் போயிற்று.

"எனக்காகப் பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள். "என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா, அண்ணன் ஊதினா என்ன ஊதாட்டா என்னன்னு சொல்லியிருப்பேன். பல்வலின்னு அழுதவர்தானே அவர்."

"இப்ப ரெண்டோட வீட்டுக்குப் போறேன். கையெழுத்து வாங்க."

"போங்க. சாப்பாடு மேசைமேல இருக்கும், சூடு பண்ணிக்கங்க. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க யாராவது இருக்கணும்."

எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ரெண்டின் வீடு அவருக்குத் தெரியும். கண்ணாடிக் கடைக்குப் பின்னால், தரைத்தளம். ஆர்கெஸ்ட்ராவிலிருந்து வந்தபிறகு ரெண்டு அந்தக் கடையில் மூக்குக்கண்ணாடிச் சில்லுகளைத் தேய்க்கிற வேலைக்குப் போனார். முப்பத்து நான்கு வருஷத்தில் ஒட்டுக்காரருக்கு மூன்று தடவை கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. மூன்று தடவையும் ஊரின் மறுகோடியில் போய் மாற்றினார். அந்தத் தெரு வழியாகப் போகிற பஸ்ஸில்கூட, அந்த இடம் வந்ததும் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார்.

அழைப்பு மணி வேலை செய்யவில்லை. தட்டினார். ரெண்டே திறந்தார். மெலிந்திருந்தார். நெற்றிமேல் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. ஒட்டுக்காரரை அடையாளம் தெரிந்துகொள்ள நெற்றியில் இருந்ததை இறக்க வேண்டியிருந்தது.

"ஓ," என்றார். "உள்ள வாங்க."

சின்னக் கூடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அலமாரியில் மருந்துப் புட்டிகள். ஹார்ன் எங்கும் இல்லை. ஒட்டுக்காரரின் கண் தேடுவதைப் பார்த்து, "வித்தாச்சு, அந்த வருஷமே," என்றார் ரெண்டு. "பித்தளை நல்ல விலை போச்சு."

ஒட்டுக்காரர் கடிதத்தை நீட்டினார். விஷயத்தையும் சொன்னார்: பெட்டி, புத்தகம், முனகல் இல்லாத இடம், தண்ணீர். தண்ணீரைச் சொன்னபோது ரெண்டின் தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தார்.

"கண்டுபிடிச்சுட்டாங்களா? அதைக் கேட்டுத்தான் நிறுத்தினேன்."

"என்னது?"

"பெரியவர் ஒண்ணுக்குப் போயிருந்தார். ஒண்ணு பல் டாக்டர்கிட்ட போயிருந்தார். மேடையில நானும் நாலு வயலினும்தான். முதல் ஹார்னோட தனிவாசிப்பை ரெண்டாம் ஹார்ன் ஊதக்கூடாதுன்னு பெரியவருக்குச் சட்டம். ஆசையா இருந்துது, ஊதினேன். கடைசிச் சுரம் நல்லா உட்கார்ந்துடுச்சு. விட மனசு வரல. எப்படியும் அந்த மனுஷன் வர்றவரைக்கும் பிடிக்கலாம்னு பிடிச்சேன். ஃப்ளஷ் சத்தம் கேட்டுது, டக்குனு கீழ வச்சுட்டேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மரணத்தின் வாசல்னு ஒருத்தர் எழுதியிருந்தாரே. கக்கூஸ் வாசல்."

ஒட்டுக்காரர் சிரித்துவிட்டார். ரெண்டு சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தார். இவர் சிரிப்பு மட்டும் தனியாகக் கொஞ்சம் ஓடி நின்றது.

"அன்னைக்கு நீங்க ஒரு பதில் சொன்னீங்க," என்றார் ரெண்டு. "ஹா.2ன்னா என்ன?"

"நீங்க."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் நீங்கதான்."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"சீட்டைப் பார்த்ததும் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொன்னேன்."

ரெண்டு தலையை ஆட்டினார். ஒரு கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டவர்போல. "எனக்கு அதுதான் சந்தேகமாவே இருந்துது. நிஜமாவே நீங்க தப்பாப் படிச்சிருந்தா, நான் உங்களை இத்தனை வருஷம் அநியாயமாத் திட்டியிருப்பேனேன்னு. இல்ல. சரியாத்தான் திட்டியிருக்கேன்."

கடிதத்தை விளக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். மெதுவாக, விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'பெரியவரின் நேரடி வழிகாட்டுதலில்'. இது யார் எழுதினது?"

"அவர் மகள்."

"பேனா இருக்கா?"

ஒட்டுக்காரர் கொடுத்தார். ரெண்டு அந்த வரியின்மேல் அளவுகோல் வைத்ததுபோல் நேராக ஒரு கோடு போட்டார். சில்லு தேய்த்த கை. கோடு நடுங்கவில்லை. கீழே கையெழுத்திட்டார். முழுப்பெயரையும் எழுதினார், ஓர் எழுத்து விடாமல்.

"அடிச்சது அடிச்சபடி கொண்டுபோய்க் குடுங்க."

"அச்சாயிடும். அனுப்புற பொண்ணு நல்ல பொண்ணு."

"ஆகட்டும்."

ஒட்டுக்காரர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வேலை முடிந்துவிட்டது. எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடாவை ஒட்டும்போது இரண்டு முனையையும் சரித்து வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் 'டொக்'கென்று கேட்கும். இங்கே எதையாவது சரித்து வெட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எதை என்று தெரியவில்லை.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லாம இருந்திருந்தா…" என்று தொடங்கினார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"கையெழுத்துக்கு."

"போட்டாச்சே."

"இல்ல, அதோட… உங்ககிட்ட மன்னிப்பு…"

"அது இந்தக் காகிதத்துல இல்லையே," என்றார் ரெண்டு. கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு வந்தவரிடம் அந்தச் சாமான் இங்கே கிடையாது என்று சொல்கிற குரல்.

கதவு வரைக்கும் கூட வந்தார். "படி ஒண்ணு உடைஞ்சிருக்கு. பார்த்து இறங்குங்க," என்றார். ஒட்டுக்காரர் பார்த்து இறங்கினார். திரும்பி ஏதாவது சொல்லலாமா என்று நினைப்பதற்குள் பின்னால் கதவு சாத்தியது. சாவி ஒரு தடவை திரும்பியது. கொஞ்சம் பொறுத்து, இரண்டாம் தடவையும்.